சங்குச் சத்தம் கேட்காத வீடு

எங்கள் குடாவில் வீடுகள் எல்லாம் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும். வாசல் என்பது ஒரு பலகை, அதில் கட்டிய ஒரு படகு, அவ்வளவுதான். நான் லெஸ்டர். இந்தக் குடாவில் படகு டாக்ஸி ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதிலும் கட்டைவிரல் மிச்சம் இருக்கும். ஆனால் மிஸ் பெர்னிஸ் கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல ரோவத்தான் தீவு முழுக்கத் தேடினாலும் ஆள் கிடையாது. ஏனென்றால் அந்தக் கதையில் பாதி என் படகில்தான் நடந்தது.

மிஸ் பெர்னிஸ் கனடாவிலிருந்து வந்தவர். கடலே இல்லாத பக்கம். அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஆள் உயரம் என்றால் சும்மா உயரம் இல்லை. என் படகில் அவர் எழுந்து நின்றால் தூரத்துக் கப்பல்காரன் கலங்கரை விளக்கம் என்று நினைத்துத் திரும்பிவிடுவான். சிரித்தால் குடாவின் அந்தப் பக்கம் கட்டியிருக்கும் நாய் குரைக்கும். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததும், பென்ஷன் பணத்தில் தீவில் ராணி மாதிரி வாழலாம் என்று கம்ப்யூட்டரில் யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, மூன்று பெட்டியோடு வந்து இறங்கினார்.

மிஸ் வெல்டாவின் இரண்டாவது வீட்டை வாடகைக்கு எடுத்தார். வெல்டா பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார், தேங்காய் ரொட்டி சுட்டு விற்பவர். மிஸ் பெர்னிஸ் அந்த வீட்டில் செய்த முதல் வேலை, எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் டேப் ஒட்டி, ஏசி மாட்டியதுதான். கொசு வருமாம், வெயில் வருமாம். இரவும் பகலும் அது ஓடியது. அந்த வீட்டுக்கு அடியில் நீந்திய மீன்களுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இங்கே கரண்ட் பில் என்ன வரும் என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவருக்கு வந்த முதல் பில்லைப் பார்த்து, இது பக்கத்துத் தீவுக்கும் சேர்த்து வந்த பில்லா என்று கேட்டார்.

அப்புறம் சாப்பாடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரைக் கரையில் கொண்டுபோய் விடுவேன். அங்கிருந்து டாக்ஸி பிடித்துப் பெரிய கடைக்குப் போவார். திரும்பி வரும்போது பையில் லெட்டூஸ், ஸ்ட்ராபெர்ரி, சீஸ், ஆப்பிள், ஐஸ் கட்டியாக உறைந்த சால்மன் மீன்.

"மிஸ் பெர்னிஸ், இந்த மீன் எங்கிருந்து வந்துச்சு?"

அட்டையைத் திருப்பிப் படித்தார். "நார்வேன்னு போட்டிருக்கு."

"நான் இந்தத் தீவை விட்டு வெளியே போனதே எதிர்ல பெரிய கரையில இருக்கற லா செய்பா வரைக்கும்தான். இந்த மீனு என்னைவிட ஊர் சுத்தியிருக்கு. பாஸ்போர்ட் வச்சிருக்கும் போல."

"நக்கல் பண்ணாம படகை ஓட்டு லெஸ்டர். ஐஸ் உருகுது."

வியாழக்கிழமைகளில் மலை மேல் போவார். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் பங்களா கட்டியிருக்கிறார்கள். ஒன்றாகக் கூடி மதியம் சாப்பிடுவார்கள், சாப்பாட்டைவிட விலையைத்தான் அதிகமாக மெல்லுவார்கள். ஒருத்தர் தக்காளி விலை சொன்னால் அடுத்தவர் வெண்ணெய் விலையைச் சொல்லி அவரை அடிப்பார். மூன்றாவது ஆள் நாய் பிஸ்கட் விலையைச் சொல்லி எல்லோரையும் ஜெயிப்பார். ஒரு தடவை நான் வாசலில் காத்திருந்தபோது கேட்டேன். அவர்கள் பேசியதைக் கேட்டால், இந்தத் தீவில் நாங்கள் எல்லாம் தங்கத்தைத் தின்றுதான் உயிர் வாழ்கிறோம் போல.

இப்படியே போனால் பென்ஷன் என்ன ஆகும்? மாதம் பாதியிலேயே தீர்ந்தது. குடாவின் நடுவில்தான் போனில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அதனால் மகள் கோனியோடு பேசவேண்டும் என்றால் என் படகில் ஏறி, நடுவில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வார். நான் வானத்தைப் பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். காதுக்கு மூடி கிடையாதே.

அன்றைக்கு அவர் மகளிடம் பணம் கேட்டார். அந்தப் பக்கம் கோனி நிதானமாகத்தான் பேசினாள். ஆனால் தண்ணீர் மேல் சத்தம் தெளிவாக விழும்.

"அம்மா, மூணு மாசமா இதான் நடக்குது. மார்ச்ல நான் வர்றேன். திரும்பறதுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டு வர்றேன், ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. அந்த மாசம் முடியற வரைக்கும் உன் பென்ஷன்லயே நீ இருந்து காட்டிட்டா உன் டிக்கெட்டைக் கிழிச்சிடறேன். இல்லைன்னா என்னோட கிளம்பு. எங்க வீட்டுக் கீழ் ரூமைச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன்."

போனை வைத்ததும் மிஸ் பெர்னிஸ் என்னிடம் சொன்னார்: "கீழ் ரூம்னா மண்ணுக்கு அடியில இருக்கற ரூம் லெஸ்டர். ஜன்னல் வழியா பார்த்தா பனி தெரியும். பனிக்கு மேல யாரோட ஷூவாவது தெரியும்."

"நல்ல ஷூவா இருந்தா பரவாயில்ல."

"நான் போகமாட்டேன்," என்றார். கோபமாக இல்லை. மழை வராது என்று சொல்வதைப் போல, உறுதியாக. "எப்படின்னு தெரியல. ஆனா போகமாட்டேன்."

எப்படி என்பதை அடுத்த வாரம் கரண்ட் போய்ச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் ஊரில் கரண்ட் போவது ஒன்றும் அதிசயம் இல்லை. அன்றைக்குக் காலையில் போனது சாயங்காலம்வரை வரவில்லை. வீடு அடுப்பாகிவிட்டது. மிஸ் பெர்னிஸ் டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்தார். நான் அந்த நேரம் அவர் பலகையில் படகைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

குடாவின் வாயிலிருந்து ஒரு சங்குச் சத்தம் வந்தது. நீளமாக, ஒரே ஊது.

ஜன்னல் வழியாகத் தலை வெளியே வந்தது. "லெஸ்டர், அது என்ன சத்தம்? கப்பலா?"

"கேப்டன் ஓரி. மீனு வந்துருச்சுன்னு ஊதறாரு. ஒரு நீள ஊது ஊதினா, சட்டியை எடுத்துட்டு வாசலுக்கு வான்னு அர்த்தம்."

"எப்பவாவது இப்படி வருவாரா?"

"தினமும் வர்றாரு. நீங்க குடி வந்த நாள்லேருந்து உங்க ஜன்னலுக்கு நேரா நிறுத்தி நிறுத்தி ஊதிப் பார்த்தாரு. ஒண்ணும் அசையல. அந்தம்மாவுக்குக் காது கேக்காதுன்னு ஊரே முடிவு பண்ணிருச்சு."

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "அதனாலதான் வெல்டா என்கிட்ட எப்பவும் கத்திக் கத்திப் பேசறாங்களா?"

"கையை வேற ஆட்டுவாங்களே, பார்க்கலையா? உங்களுக்குப் புரியணும்னுதான்."

"நான் இந்த ஊர் வழக்கம்னு நினைச்சு நானும் பதிலுக்குக் கையை ஆட்டிக்கிட்டு இருந்தேன்."

ஓரியின் படகு வந்து சேர்ந்தது. மஞ்சள்வால் மீன்கள், இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. ஓரி ஒரு விலை சொன்னார். அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து வெல்டா குரல் விழுந்தது.

"ஓரி, அது யார் வீட்டு விலை? எனக்கு நேத்து வேற விலை சொன்ன."

"புது ஆளுன்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன் மிஸ் வெல்டா."

"சொல்லிப் பார்த்தாச்சில்ல, இப்ப சரியா சொல்லு."

ஓரி சரியாகச் சொன்னார். மிஸ் பெர்னிஸ் கையில் இருந்த லெம்பிரா நோட்டுகளையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். நார்வே மீனின் தோல் விலைக்கு இங்கே முழு மீன் மூன்று கிடைத்தது. அன்றைக்கு ஏசிக்குச் சங்கு ஊதியாகிவிட்டது. கரண்ட் வந்த பிறகும் அதைப் போடவில்லை. மலை மேல் இருக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டு, ஒரு மின்விசிறியும் கொசுவலையும் வாங்கினார். ஏற்கெனவே ஒரு ஏசி இருந்த அறையில் அந்த மனிதர் இதையும் மாட்டினாராம். இப்போது அங்கே பென்குயின் வளர்க்கலாம்.

ஜன்னல் திறந்ததும் ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது. வெல்டா ரொட்டித் தட்டைத் தட்டும் சத்தம். பெரிய கரையிலிருந்து வாழைக்காயும் மரவள்ளியும் ஏற்றி வரும் படகின் ஹாரன். மழை வந்தால் தொட்டி நிரம்பும் சத்தம். எல்லாம் மலிவாகிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அவருடைய பிரஷர் மாத்திரை விலை இறங்கவில்லை, கேஸ் சிலிண்டரும் இறங்கவில்லை. சீஸை விட அவருக்கு மனசு வரவில்லை. மாதம் ஒரு துண்டு வாங்கி, மருந்து மாதிரி சுரண்டிச் சாப்பிட்டார். மற்றபடி நாங்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டார். நாங்கள் அழுக்கு என்று நினைத்துத் தொடாததைக்கூடக் கழுவிச் சாப்பிட்டார்.

மார்ச் பிறந்தது. கோனி வந்தாள். அம்மா அளவு உயரம் இல்லை, ஆனால் அதே தாடை. தோளில் ஒரு பை, அதற்குள் டிக்கெட். அந்தப் பையை அவள் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை என்று வெல்டா சொன்னார். அவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்காதீர்கள். ஜன்னல் திறந்துதானே இருக்கிறது.

மாதத்தின் கடைசி வாரம்வரை எல்லாம் நன்றாகப் போனது. மிஸ் பெர்னிஸ் கையில் அளவாகப் பணம் இருந்தது, இறுக்கிப் பிடித்தால் முதல் தேதிவரை வரும். கோனி செலவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"சாப்பாட்டுச் செலவு சரி அம்மா. ஆனா இங்க நீ தனியா இருக்க. ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா? அங்க ஒரு நம்பரை அடிச்சா ஆம்புலன்ஸ் வரும்."

"இங்கயும் வரும்," என்றார் மிஸ் பெர்னிஸ். எது வரும் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குச் சொந்தமாக ஒரு சங்கு கிடைத்திருந்தது. ஓரி பரிசாகக் கொடுத்தது. நுனியை வெட்டி, ஊதவும் கற்றுக்கொடுத்திருந்தார். முப்பது வருஷம் பஸ் ஹாரன் அடித்தவருக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. ஒரு நீள ஊது என்றால் மீன், அது அவருக்குத் தெரியும். மற்ற ஊதுகளுக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை. எங்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. யாராவது வந்து மூச்சு விடுவது எப்படி என்று கேட்டால்தானே சொல்வோம்.

ஒரு மத்தியானம் ஓரியின் படகு அவர் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. மகளுக்கு நல்ல மீன் சமைத்துக் காட்டவேண்டும் என்று ஆசை. சங்கை எடுத்து ஒரு ஊது ஊதினார். ஓரிக்கு மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி ஊதினார். மறுபடி, மறுபடி. நிறுத்தவே இல்லை. பஸ் ஓட்டிய நுரையீரல், வற்றுமா?

நிறுத்தாமல் ஊதினால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். உயிர் போகிறது, ஓடி வா.

நான் சோற்றில் கை வைத்திருந்தேன். தட்டோடு படகில் குதித்தேன். குடாவின் இரண்டு பக்கமும் மோட்டார்கள் ஒன்றாக உறுமின. ஓரி கேட்ட உடனே படகைத் திருப்பினார், அவர் திருப்பிய வேகத்தில் அலை எழுந்து என் படகுக்குள் தண்ணீர் வந்தது. ஒருத்தன் கயிறு, ஒருத்தன் வாளி, ஒருத்தி கதவைக் கழற்றிக்கொண்டு வந்தாள், ஆளைத் தூக்கிப்போக. சோப்பு நுரையோடு ஒருவர் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு வந்தார், பெயரைச் சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார். சர்ச்சில் பாடும் பெண்கள் ஒரே படகில், பாட்டு ஆரம்பிக்கத் தயாராக. ஒரு ஆடுகூட வந்தது. அதை யார் கூட்டி வந்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

வெல்டாதான் முதலில் பலகை மேல் ஏறினார். "யாரு? யாருக்கு என்ன ஆச்சு?"

மிஸ் பெர்னிஸ் கையில் சங்கோடு நின்றார். "மீன் வேணும்," என்றார்.

குடாவே அமைதியானது. ஆடு மட்டும் ஒரு தடவை கத்தியது. அப்புறம் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், நான்தான் என்று சொல்கிறார்கள். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. துண்டு கட்டியவர் சிரித்ததில் துண்டைப் பிடிக்கவேண்டியதாகிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் வெல்டா இடுப்பில் கை வைத்தார். "சரி. சும்மா ஊதிக் கூட்டினவங்க பானை வைக்கணும். அதான் எங்க வழக்கம். வந்த எல்லாருக்கும் பாண்டோ."

பாண்டோ என்றால் தேங்காய்ப்பாலில் மீனும் கிழங்கும் காயும் எல்லாம் போட்டு வேகவைக்கும் குழம்பு. பெரிய பானை வேண்டும். பெரிய மனசும் வேண்டும்.

கோனி படகுகளைப் பார்த்தாள், எண்ணுவதை விட்டுவிட்டாள். "அம்மா, இவ்வளவு பேருக்கா? உன்கிட்ட இந்த வாரச் செலவுக்குத்தான் இருக்கு."

கோனியின் கை தானாகத் தோளில் தொங்கிய பைக்குப் போனது. நான் பார்த்தேன். மிஸ் பெர்னிஸும் பார்த்தார்.

"வெல்டா, விட்டுருங்களேன், அவங்களுக்குத் தெரியாதுல்ல," என்றார் துண்டு கட்டியவர்.

"யாரும் விடவேண்டாம்," என்றார் மிஸ் பெர்னிஸ். "வழக்கம்னா வழக்கம்தான். சூரியன் இறங்கறதுக்குள்ள வாங்க. அவங்கவங்க கிண்ணத்தை எடுத்துட்டு வாங்க, என்கிட்ட ரெண்டுதான் இருக்கு." அப்புறம் ஓரியின் பக்கம் திரும்பினார். "கேப்டன், இன்னைக்குப் பிடிச்சது யாருக்கு?"

"மலை மேல ஓட்டலுக்கு மிஸ். பெரிய மீனு எல்லாம். சதையை மட்டும் அறுத்துக் கொடுக்கணும்."

"தலை?"

ஓரி தலையைச் சொறிந்தார். "தலையா? கேக்கறவங்களுக்குச் சும்மா கொடுத்துருவேன். மிச்சத்தைப் பெலிக்கன் தின்னும். வெளிநாட்டுக்காரங்க யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன். எல்லாத்தையும்."

சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீனில் எது ருசி என்று தெரிந்த ஆள் என்று அவர்கள் முகம் சொன்னது. பெலிக்கன்களின் முகம்தான் கொஞ்சம் வாடியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் பஸ் ஓட்டிய மாதிரிதான் வேலை வாங்கினார். வெல்டாவின் ஈரப்பலா மரத்தில் பழுத்து விழப்போகும் காய்களை நான் பறித்தேன். வாழைக்காய்ப் படகுக்காரன் ஊருக்குத் திரும்பும் நேரம், கறுத்துப்போன காய்களைத் திருப்பி எடுத்துப்போகப் பிடிக்காமல் நின்றிருந்தான். அவனிடம் பேசி மொத்தமாக வாங்கினார், பேரம் முடிந்தபோது அவன்தான் நன்றி சொன்னான். தேங்காய் எங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்குகிறவன் சோம்பேறி. கோனியைத் துருவ உட்கார வைத்தார்கள். முதல் தேங்காயிலேயே விரலைத் துருவிக்கொண்டாள்.

"கொஞ்சம் கலந்தா பரவாயில்ல," என்றேன். "கனடா மசாலா."

கோனி என்னை முறைத்தாள். ஆனால் அடுத்த தேங்காயை எடுத்தாள்.

சர்ச்சிலிருந்து பானை வந்தது, அதில் நான் குளிக்கலாம், என் படகையும் குளிப்பாட்டலாம். கரையில் விறகு மூட்டினோம். தேங்காய்ப்பால் கொதித்து, மீன் தலைகள் கண்ணை விழித்துக்கொண்டு மேலே மிதந்து வந்தபோது, வாசனை மலை மேல் ஏறியிருக்கவேண்டும். ஏசி அறைக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரிந்திருக்காது.

எல்லோரும் கிண்ணத்தோடு வந்தார்கள். பாதிப் பேர் படகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீட்டைச் சுற்றி ஒன்றோடொன்று கட்டிய படகுகள், ஒரு ஆள் எழுந்தால் எல்லாக் கிண்ணமும் ஆடும். ஓரி ஒரு தலையை வைத்துக்கொண்டு அதன் கன்னத்தை உறிஞ்சிய சத்தம் சங்குக்குக் குறையவில்லை. மூன்றாவது கிண்ணத்துக்குப் பானையை எட்டிப் பார்த்தவர் துண்டு கட்டியவர்தான், இப்போது கால்சட்டை போட்டிருந்தார்.

கோனி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "இதுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சும்மா?"

"வாழைக்காய், உப்பு, மிளகு. மலை மேல ஒரு லெட்டூஸ் விலை." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணரை லெட்டூஸ். பொய் சொல்லக்கூடாது."

கோனி அந்தப் படகுகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறும் வாளியும் இன்னும் உள்ளேயே கிடந்தன. கழற்றிக்கொண்டு வந்த கதவின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க எல்லாரும் எவ்வளவு நேரத்துல வந்தாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"நான் கொஞ்சம் லேட். கையில சோறு இருந்துச்சு."

அவள் தன் கிண்ணத்தை மறுபடி பானைப் பக்கம் நீட்டினாள். அன்றைக்குப் பையைத் தோளிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினாள் என்று வெல்டா சொன்னார்.

முதல் தேதி வந்தது. மிஸ் பெர்னிஸ் கையில் கடைசியாக இருந்தது, ஒரு தேங்காய் ரொட்டிக்கும் என் படகுக் கூலிக்கும் சரியாக இருந்தது. கூலியை நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று நினைத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். அது பந்தயத்தில் சேரவேண்டிய செலவு, விட்டால் ஏமாற்று ஆகிவிடும்.

கோனி டிக்கெட்டைக் கிழிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதைக் கிழிக்கிறதா என்றாள், அம்மாவின் மகள்தான். வெல்டா சுட்ட தேங்காய் ரொட்டி ஒரு பெரிய பெட்டி நிறைய இருந்தது. அதை அம்மாவுக்கு எடுத்த பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, ஊர் போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாளாம். பின்னால் போனில் சொன்னாள். அடுத்த பனிக்காலத்துக்குத் தானும் வரலாமா என்றும் கேட்டாள்.

"வா. ஆனா ஏசி கிடையாது," என்றார் மிஸ் பெர்னிஸ்.

சங்கு விஷயத்தில் மட்டும் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. அது இப்போது வெல்டாவின் வீட்டில் இருக்கிறது. மிஸ் பெர்னிஸுக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்கவேண்டும், ஒரே ஒரு ஊது ஊதிவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அந்த ஆட்டின் சொந்தக்காரர் மட்டும் இன்னும் வந்து ஆட்டைக் கேட்கவில்லை.

கோனி கிளம்பிய அன்று படகுத்துறையில் வெல்டா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராக, குடா முழுக்க எதிரொலிக்கும்படி கத்தினார்: "அம்மாவை நாங்க பார்த்துக்கறோம்! கவலைப்படாதே!" இரண்டு கையையும் வேறு ஆட்டினார்.

"மிஸ் வெல்டா, அவளுக்குக் காது நல்லா கேக்கும்," என்றேன்.

"அவங்க அம்மாவுக்கும்தான் கேக்குதுன்னு சொன்ன," என்றார் வெல்டா. "எதுக்கும் கொஞ்சம் சத்தமாவே சொல்லி வைப்போம். குடும்ப வியாதியா இருக்கும்."